வாசலில் ஒரு சிவப்பு விளக்கு

"சாலைக்குப் பெயர் ஃப்ரீவேயாம்! ஏறுகிற இடத்தில் சிவப்பு விளக்கை நட்டு, ஒவ்வொரு காராக உள்ளே விடுகிறார்கள். இதுவா சுதந்திரம்?" என்று அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் என்னிடம் பொரிந்து தள்ளினார். அவருக்காக அனுதாபப்பட நான் தயாராயில்லை.

சாலை குறுகல் என்பதால்தான் நெரிசல் என்று நம்புகிறவர்கள் ஏறுபாதையைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் சிக்னல் பச்சையானதும் பத்துக் கார்கள் கூட்டமாக வந்து, ஏற்கெனவே நிறைந்து ஓடும் சாலைக்குள் முட்டி நுழைகின்றன. ஒருவர் பிரேக்கை லேசாகத் தொடுகிறார்; பின்னால் வருபவர் சற்று அழுத்துகிறார்; அதற்கும் பின்னால் எவரோ நின்றே விடுகிறார். நுழைந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விதைத்த தேக்கமோ பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இறங்குபாதை மட்டும் பரம சாதுவா? அதன் முடிவிலுள்ள சிக்னலில் வரிசை நீண்டு பெருஞ்சாலை வரை வந்துவிட்டால், அந்த ஊருக்கே போகாதவனும் நிற்க வேண்டியதுதான். ஏறுமிடத்தை அடுத்தே இறங்குமிடமும் இருந்தால், கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் இரு கூட்டமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

நண்பரின் கட்சியை மின்னசோட்டா சட்டசபை 2000-ஆம் ஆண்டில் சோதித்தே பார்த்துவிட்டது. மினியாபொலிஸ், செயிண்ட் பால் இரட்டை நகரங்களில் ஏறக்குறைய 430 விளக்குகளை ஆறு வாரங்களுக்கு அணைக்கச் செய்தது. நேர்ந்தது என்ன? ஃப்ரீவேயில் பயண நேரம் 22 சதவீதம் கூடியது; சாலையில் சென்ற வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன; விபத்துகள் 26 சதவீதம் பெருகின. கதவைத் திறந்துவிட்டதும் வீட்டுக்குள் இடம் சுருங்கிவிட்டது!

காத்திருந்தவர்களின் குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொலைவில் முன்பே ஏறிவிட்டவர் தடையின்றிப் பறக்க, நகரத்தருகே குடியிருப்பவர் வாசலில் தவம் கிடப்பது அநீதிதான். ஆகையால்தான் சோதனைக்குப் பிறகு, சாதாரண ஏறுபாதையில் எவரும் நான்கு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கலாகாது என்று வரம்பு கட்டினார்கள். அதுதான் நியாயமான பரிகாரம். விளக்கையே பிடுங்கி எறிவது பரிகாரமல்ல.

வாசலில் நாலு நிமிஷம் நிற்கச் சம்மதிக்காதவர், உள்ளே எல்லோரோடும் சேர்ந்து அரை மணி நேரம் நிற்கத் தயாராயிருக்கிறார். அதைச் சுதந்திரம் என்றும் அழைக்கிறார். அந்தச் சுதந்திரம் அவருக்கே இருக்கட்டும். எனக்கு அந்தச் சிவப்பு விளக்கு போதும்.