கடிதம் குறையுது, கட்டணம் ஏறுது: தபால் செலவு யார் தலையில் விழுகிறது?

50 பைசாவுக்கு இன்றைக்கு என்ன வாங்க முடியும்? பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. ஆனால் தபால் நிலையத்தில் ஒரு அஞ்சல் அட்டை கிடைக்கும். கன்னியாகுமரியில் போட்டால் காஷ்மீர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இன்லேண்ட் லெட்டர் ரூ.2.50. 20 கிராம் வரையிலான சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கட்டணங்கள் அசையவே இல்லை.

அப்படியானால் தபால் கட்டணம் எங்கே ஏறியிருக்கிறது? வெளியூருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2025-ன் தொடக்கத்தில் 26 ரூபாயில் முடிந்த வேலைக்கு, அதே ஆண்டு அக்டோபர் முதல் 61 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாதாரணக் கடிதத்தின் விலை ஏறவில்லை, நோட்டீஸின் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இது எப்படி நடந்தது?

உலகம் முழுக்க இதே கதைதானா?

கிட்டத்தட்ட இதே கதைதான். இ-மெயிலும் வாட்ஸ்அப்பும் வந்தபிறகு எல்லா நாடுகளிலும் கடிதங்கள் குறைந்துவிட்டன. அமெரிக்காவில் முதல் வகுப்புக் கடிதங்கள் 2001-ல் உச்சத்தைத் தொட்டன. அந்த ஆண்டு மட்டும் 10,300 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2024-ல் அது பாதிக்கும் கீழே, சுமார் 4,400 கோடியாகக் குறைந்தது. அதே நேரத்தில் ஸ்டாம்ப் விலை ஏறிக்கொண்டே போனது. 2019-ல் 55 சென்ட், 2025 ஜூலையில் 78 சென்ட்.

பிரிட்டனில் 2004-05-ல் ஆண்டுக்கு சுமார் 2,000 கோடி கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. 2023-24-ல் அது 670 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. 2020-ல் 76 பென்ஸாக இருந்த முதல் வகுப்பு ஸ்டாம்ப், 2025 ஏப்ரலில் 1.70 பவுண்டு ஆனது. இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் இப்போது தினமும் வருவதில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

எல்லாவற்றையும் மிஞ்சியது டென்மார்க். 1624-ல் தொடங்கிய தபால் சேவையின் வாரிசான 'போஸ்ட்நோர்ட்' நிறுவனம், 2025 டிசம்பர் இறுதியோடு அங்கே கடித விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. 2000-ல் 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024-ல் 11 கோடியாகச் சுருங்கியிருந்தன. தெருவில் இருந்த 1,500 தபால் பெட்டிகள் அகற்றப்பட்டன. 1,500 பேருக்கு வேலை போனது. 'டாவ்' என்ற தனியார் நிறுவனம் மூலம் அங்கே இன்னமும் கடிதம் அனுப்பலாம். ஆனால் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் வசதி போய்விட்டது.

கடிதம் குறைந்தால் செலவும் குறையணுமே? ஏன் ஏறுகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு, 200 வீடுகள் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். முன்பு தபால்காரர் பையில் 150 கடிதங்கள் இருந்தன. இப்போது 15 மட்டும். ஆனால் அந்த 15 கடிதங்களும் 15 வேறு வேறு தெருக்களுக்குப் போக வேண்டும். அவர் மிதிக்கும் தூரம் அதேதான், சம்பளமும் அதேதான். தபால் நிலையத்தின் வாடகையும் மின்கட்டணமும் பத்தில் ஒரு பங்காகிவிடாது. ஆக, ஒரு கடிதத்தின் தலையில் விழும் செலவு பல மடங்கு கூடிவிடுகிறது.

இதை ஈடுகட்ட நிர்வாகத்துக்கு மூன்று வழிதான் உண்டு. கட்டணத்தை ஏற்றலாம், சேவையைக் குறைக்கலாம், அல்லது நஷ்டத்தை அரசே ஏற்கலாம். கட்டணத்தை ஏற்றினால், கடிதம் அனுப்பிக்கொண்டிருந்த வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இ-மெயிலுக்கு மாறிவிடும். கடிதம் மேலும் குறையும். திரும்பவும் கட்டணத்தை ஏற்ற வேண்டிவரும். கடைசியில் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள், வேறு வழியே இல்லாமல் தபாலை நம்பியிருப்பவர்கள்தான்.

இந்தியா எந்த வழியில் போகிறது?

நாட்டில் சுமார் 1.64 லட்சம் தபால் நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிராமங்களில். உலகிலேயே பெரிய வலைப்பின்னல் இதுதான். செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான துறையின் கணக்குப்படி, ஒரு அஞ்சல் அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆன செலவு சுமார் 12 ரூபாய். வந்த வருமானம் 50 பைசா.

அட்டையின் விலையை ஏற்றினால் 'ஏழையின் தபாலில் கைவைத்துவிட்டார்கள்' என்று குரல் எழும். அட்டை எழுதுகிறவர்களே குறைந்துவிட்டதால் ஏற்றினாலும் பெரிதாக வருமானம் வராது. அதனால் அடிமட்டக் கட்டணங்களை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் இருந்த மலிவான சேவைகளை ஒவ்வொன்றாக மூடும் வழியைத் துறை எடுத்திருக்கிறது.

2024 டிசம்பரில், புத்தகம் அனுப்புவதற்கான பதிவு செய்யப்பட்ட 'புக் போஸ்ட்' சேவை நின்றது. 2025-ல் ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லாமல் போய், ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. ரிஜிஸ்டர் தபாலின் எண்ணிக்கை 2011-12-ல் 24.44 கோடியாக இருந்தது, 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைந்துவிட்டது. இரண்டு சேவைகளுக்கும் தனித்தனி ஏற்பாடு எதற்கு என்பது துறையின் வாதம். நிர்வாக ரீதியில் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எட்டே ஆண்டில் கால் பங்கு குறைந்தது என்றால், இன்னும் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது என்றும் அர்த்தம். 18 கோடி என்பது சாகக் கிடந்த சேவையின் எண்ணிக்கை கிடையாது.

கையில் எவ்வளவு கூடுதலாகப் போகிறது?

பழைய முறையில் 20 கிராம் கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப, பதிவுக் கட்டணம் 17 ரூபாயும் ஸ்டாம்ப் 5 ரூபாயும் ஆகும். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.25.96. சென்னையில் இருந்து மதுரைக்கு அனுப்பினாலும் மணிப்பூருக்கு அனுப்பினாலும் இதே கட்டணம்தான்.

2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் மாறியது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். ரிஜிஸ்டர் தபால் போல குறிப்பிட்ட நபரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றால் 'பதிவு' வசதிக்குக் கூடுதலாக 5 ரூபாய். வரியோடு பார்த்தால் உள்ளூருக்கு ரூ.28.32, வெளியூருக்கு ரூ.61.36.

உள்ளூருக்கு இரண்டு, இரண்டரை ரூபாய்தான் வித்தியாசம். வேகமாகவும் போய்ச் சேர்கிறது. கனமான உறை என்றாலும் பெரிய அடி இல்லை. 200 கிராம் உறைக்கு ரிஜிஸ்டர் தபாலில் 79 ரூபாய் ஆனது. புதிய முறையில் 200 கி.மீ.க்குள் என்றால் பதிவு, வரி உட்பட 76 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அடி விழுவது வெளியூருக்குப் போகும் மெல்லிய உறைக்குத்தான். அதாவது நோட்டீஸ், மனு, ஆர்.டி.ஐ. விண்ணப்பம், மேல்முறையீடு போன்றவை. சாதாரண மக்கள் அரசோடும் நீதிமன்றத்தோடும் பேசுகிற காகிதங்கள் இவை.

5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி சாதாரணத் தபாலில் அனுப்பினால் போதாதா?

போய்ச் சேரலாம். ஆனால் அனுப்பினீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்காது. செக் திரும்பி வந்தால், வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பியதை நிரூபிக்க முடியாவிட்டால் வழக்கே நிற்காமல் போகலாம். 1897-ம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு, சரியான முகவரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. இத்தனை காலம் மக்கள் ரிஜிஸ்டர் தபாலுக்குக் காசு கொடுத்தது வேகத்துக்காகக் கிடையாது, இந்த ஆதாரத்துக்காகத்தான். அதே ஆதாரம் வேண்டும் என்றால் இனி வேகத்தையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும்.

புத்தகம் அனுப்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

தமிழில் சிறு பதிப்பகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் மலிவான தபால்தான் கடை, அதுதான் விநியோகஸ்தர். புக் போஸ்ட் நின்றபோது, 150 ரூபாய் புத்தகத்துக்கு அதில் பாதியைத் தபால் செலவாகக் கொடுப்பதா என்ற கேள்வி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2025 மே 1 முதல் 'கியான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று ஆன்லைனில் பார்க்கலாம். புத்தகங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் இதழ்களை இதில் அனுப்ப முடியாது. சந்தாதாரருக்கு மாதம் ஒரு இதழ் அனுப்புகிறவரின் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு காலத்தில் தபால் கட்டண உயர்வு பட்ஜெட் செய்தியாக இருந்தது. அட்டையின் விலை சில பைசா ஏறினாலும் நாடாளுமன்றத்தில் பேச்சு எழும். 1898-ம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக, 'அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023' கடந்த 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. கடிதங்களைக் கொண்டுசெல்வதில் அரசுக்கு இருந்த தனியுரிமை இதில் இல்லை. கட்டணங்களை நிர்ணயிக்கும் அதிகாரம் அஞ்சல் துறைத் தலைமை இயக்குநரிடம் இருக்கிறது. முடிவுகள் வேகமாக எடுக்கப்படும், உண்மைதான். அதே வேகத்தில், பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் ஒரு சேவை மூடப்படவும் முடியும்.

தனியார் கூரியர் இருக்கிறதே என்றால், லாபம் உள்ள ஊர்களுக்குத்தான் அவர்கள் போவார்கள். மலைக்கிராமத்துக்கும் தீவுக்கும் ஒரே விலையில் போய்க்கொண்டிருந்தது தபால் மட்டும்தான். அந்தச் சுமைக்கு ஈடாக அரசு எவ்வளவு கொடுக்கப்போகிறது என்ற கேள்விக்கு பதில் சொல்லாமல் சேவைகளை மட்டும் இணைத்துக்கொண்டே போனால், நஷ்டம் குறையாது. துறையின் கணக்கில் இருந்து, மனு அனுப்புகிறவரின் பாக்கெட்டுக்கு அது இடம் மாறும், அவ்வளவுதான்.

இனி அனுப்பும்போது எதைக் கவனிக்கணும்?

• ஸ்பீட் போஸ்ட் முகவரியில் இருக்கும் யாரிடமும் ஒப்படைக்கப்படலாம். சட்ட நோட்டீஸ் என்றால் கவுன்டரில் 'பதிவு' வசதியைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் அது இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

• ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள். டெலிவரி ஆன விவரத்தையும் இணையத்தில் பார்த்து உடனே சேமித்துக்கொள்ளுங்கள்.

• மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 10% தள்ளுபடி உண்டு. கேட்டால்தான் தெரியும்.

• வாழ்த்து, அழைப்பிதழ், நலம் விசாரிப்பு இதற்கெல்லாம் ஆதாரம் தேவையில்லை. 50 பைசா அட்டையும் 5 ரூபாய் ஸ்டாம்பும் இன்னமும் விற்பனையில் இருக்கின்றன.