வாங்கிக்கொள்ளாத கை

எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா நெருங்கினால் கொடியேற்றத்துக்கு முன்பே வரிப்பேச்சு தொடங்கிவிடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, வசூல் நோட்டோடு ஊர்ப் பெரியவர்கள் தெருத்தெருவாகப் போவார்கள். காலனிக்கு மட்டும் அந்த நோட்டு வராது. சின்ன வயதில் இதை ஏதோ சலுகை என்று நினைத்திருந்தேன். "நமக்கு வரி இல்லையாப்பா? நல்லதுதானே" என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "வரி வாங்கினா தேரும் நம்ம தெருவுக்கு வரணும்டா."

கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழ வேண்டும் என்று பிரசங்கம் கேட்காத ஞாயிறு அபூர்வம். இல்லாதவருக்குக் கொடு, நோயாளியைப் போய்ப் பார், துக்க வீட்டில் உட்கார். எல்லாம் சரி. ஆனால் கொடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். யாரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்ற கேள்வி வருவதே இல்லை. கொள்வினை, கொடுப்பினை இரண்டும் இருந்தால்தான் உறவு என்பது நம் ஊர் வழக்கு. கிறிஸ்துமஸுக்குக் காலனிக்குச் சேலை கொடுக்கிற கை, காலனியின் நூறு ரூபாய் வரியை வாங்க மறுத்தால், அங்கே தர்மம் இருக்கிறது. உறவு இல்லை.

கொடுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிஷன் பள்ளிக்கூடமும் விடுதிச் சோறும் இல்லாவிட்டால் நம்மில் பல பேர் இந்தப் பத்தியை எழுத்துக்கூட்டிக்கூடப் படித்திருக்க மாட்டோம்.

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து வீடு வீடாகக் கூடிச் செபிக்கும், பைபிள் வாசிக்கும், கஷ்டத்தில் பங்கெடுக்கும். காலனி அன்பியம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நடுராத்திரியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உபதேசியாரை எழுப்பப் போவது ஒருவர், வெளியூருக்குப் போன் போடுவது ஒருவர், பந்தலுக்குச் சொல்வது ஒருவர். அடுப்பு எரியாத அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆளுக்கு ஒரு படி அரிசி, கையில் இருக்கிற ஐம்பதோ நூறோ. கூலிக்குப் போகிற பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு நாள் கூலி என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அன்பியத்தை அக்கம்பக்கம் பார்த்துப் பிரிக்கிறார்கள். நம் ஊரில் அக்கம்பக்கம் என்றால் சாதிதான். காலனிக்கு ஒன்று, ஊர்த்தெருவுக்கு ஒன்று. இரண்டும் ஒரே செபப் புத்தகத்தைத் தனித்தனியாக வாசிக்கின்றன. சாவு ஊர்வலம் கிளம்பும்போது இது கண்ணுக்குத் தெரியும். தனிப் பாதை, தனிப் பாடை, பல இடங்களில் தனிக் கல்லறை. கிராமம் என்றில்லை, திருச்சி நகரத்துக்குள் மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எத்தனையோ முறை பேசியாகிவிட்டது.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரை மறந்திருக்க மாட்டீர்கள். கோயிலில் சம உரிமை கேட்டுக் கிடைக்காத தலித் மக்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களும் நற்கருணை வாங்கிய கிறிஸ்தவர்கள்தான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சாதி அவர்களையும்தான் தின்றது.

ஆதித் திருச்சபையிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று அந்த ஏழு பெயர்களுமே கிரேக்கப் பெயர்கள். அதாவது, விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். பெரிய பந்தியிலிருந்து கொஞ்சம் அள்ளிக் கொடுத்து அவர்கள் வாயை அடைக்கவில்லை. நம் பங்குப் பேரவைகளில் நிதிக்குழு யார் கையில் இருக்கிறது? கல்லறைக் கணக்கை எழுதுவது யார்? கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அரசாங்கம் தன் பங்குக்கு இன்னொரு கதவை மூடி வைத்திருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2023-ல் தமிழக சட்டமன்றம் தீர்மானமே போட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறது சட்டம். கல்லறை வேறு சொல்கிறது. சட்டத்துக்காகப் போராட வேண்டியதுதான். ஆனால் வசூல் நோட்டு காலனிக்கு வருவதற்கு டெல்லியிலிருந்து ஆணை வர வேண்டியதில்லை. இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே அன்பியம் அமைக்க எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. ஆயர் பேரவையே 2016-ல் தலித் மக்களுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைப் பூசையில் ஒருநாள் முழுதாக வாசித்தால்கூட நல்லது.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். அருந்ததியர் வீட்டுச் சாவுக்கு நாம் எத்தனை பேர் போய் உட்கார்ந்தோம்? பெந்தெகொஸ்துக்குப் போய்விட்டார் என்பதற்காகக் கூடப்பிறந்தவர் அடக்கத்துக்கே எட்டிப் பார்க்காத குடும்பங்கள் நம் காலனியிலேயே இருக்கின்றன.

அப்பா இறந்த இரவு நினைவுக்கு வருகிறது. அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருவர் ஊர்த்தெருவிலிருந்து வந்து, வாசல் பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னம்மா தூக்குவாளியில் காபி கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே போனார். அவரை மட்டும் தாண்டிப் போய்விட்டார். குடிக்க மாட்டார் என்ற பழக்கம்தான்.

"எனக்கு இல்லையா தங்கச்சி?" என்றார்.

சின்னம்மா திகைத்து நின்று, டம்ளரைக் கழுவி வரத் திரும்பினார்.

"கழுவ வேணாம். அப்படியே ஊத்தும்மா."

விடியும்வரை அவர் அங்கேயே இருந்தார். அவர் தெருவிலிருந்து அன்றைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.