குழந்தைக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

"டாக்டர் ஐயா, நாக்கு புரள்றதுக்கு ஏதாவது மருந்து குடுங்க!"

பள்ளிகொண்டாவில் என் வைத்தியசாலைக்குப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பாட்டி கேட்டது இது. பையனுக்கு இரண்டே முக்கால் வயது. அம்மாவுக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால், பொழுது சாய்ந்துதான் வீடு. பையன் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

"சாப்பாடு எப்படி ஊட்டுறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"செல்லுல பாட்டு போட்டாத்தான் வாயத் தொறக்கறான். இன்னா பண்றது ஐயா?"

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று ஒரு பெயர் உண்டு. அதை உரசி நாக்கில் தடவினால் பேச்சு வந்துவிடும் என்று இன்றும் நம்புகிறார்கள். சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இத்தனை வருஷமாக அதிலேயே பிழைக்கிறவன் நான். நானே சொல்கிறேன்: பிள்ளையை வளர்ப்பது வசம்பு அல்ல. எதிரே உட்கார்ந்து விளையாடுகிற ஆள்தான்!

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பிள்ளைத்தமிழ் என்று நம் இலக்கியத்தில் ஒரு வகை உண்டு. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுவார்கள். அந்தப் பட்டியலை ஒரு மருத்துவனின் கண்ணோடு பாருங்கள். ஐந்தாம் மாத வாக்கில் தலை தூக்கி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாத வாக்கில் கை தட்டுவது சப்பாணி. பிறகு முத்தம் கேட்பது, தளர்நடை போட்டு வரச் சொல்வது, நிலாவைக் கூப்பிடுவது. ஆண் பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண் பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். இன்றைக்குக் குழந்தை டாக்டர் வளர்ச்சியைச் சோதிக்கக் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய இவைதானே! ஒவ்வொரு பருவத்திலும் எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'வா' என்று கூப்பிட ஆள் இல்லாமல் வருகைப் பருவம் ஏது?

குழந்தை மழலையில் "பூ" என்றால், அம்மா "ஆமாண்டா கண்ணு, செம்பருத்திப் பூ" என்கிறாள். ஒரு வார்த்தை இரண்டாகிறது. செல்போன் பாடிக்கொண்டே இருக்கும்; பிள்ளை சொன்னதைக் கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் வீடுகளில் மூன்று வேளை சாப்பாட்டிலேயே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது!

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. வைத்தியசாலையில் கூட்டம் அதிகமான ஒரு நாள், அழுத என் பேத்தி கையில் செல்போனைக் கொடுத்தவன்தான் நானும். அழுகை நின்றது. மறுநாள் என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது தாத்தாவை அல்ல, செல்லை!

சரி, என்ன விளையாடலாம்? காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரு வயதுக்குள்: உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நடை பழக மூன்று சக்கர நடைவண்டி நல்லது. பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. உட்கார வைத்து உருட்டிவிடும் வட்ட வாக்கர் வேண்டாம். விபத்துகளைப் பார்த்துவிட்டு கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

இரண்டு, மூன்று வயதில்: கண்ணாமூச்சி ஆடுங்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். தக்காளியை எண்ணிக் கூடையில் போடச் சொல்லுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகட்டும்!

நான்கு, ஐந்து வயதில்: வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டி ஆடலாம். பல்லாங்குழியை இறக்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது காய். கூட்டல், பகிர்வு, தோற்றால் அழாமல் இருப்பது எல்லாம் அதில் இருக்கிறது.

லீவு நாளில் வெளியே கிளம்புங்கள். எங்கள் ஊர் ரங்கநாதர் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைக் காட்டி, "தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். வேலூர் கோட்டைக்குப் போனால் அகழி, கோயில், மியூசியம் என்று ஒரு நாளே போதாது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை வழியாகப் போனால் தள்ளி நின்று கொம்பு எத்தனை வகை என்று எண்ணட்டும். ராத்திரி மொட்டை மாடியில் நிலா காட்டி, நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதையைச் சொல்லுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை போன்றவை மூன்று வயதுக்குள் கையில் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் போய்ச் சிக்கும். பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறது என்று குன்றிமணி எடுக்காதீர்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். பாலாற்று மணலில் விளையாட விடுமுன், மணல் அள்ளிய பள்ளமும் தோல் கழிவு கலக்கும் இடமும் இல்லை என்று பாருங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் தாயிடம் இரண்டு மணி நேரம் விளையாடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊட்டும் நேரம், குளிப்பாட்டும் நேரம், தூங்க வைக்கும் நேரம்... இவை எப்படியும் செலவாகிற நேரம்தானே? அதில் செல்லை எடுத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள். அப்பாக்களே, இது உங்களுக்கும்தான்!

அந்தப் பையனுக்கு நான் லேகியம் கொடுக்கவில்லை. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கவும், குழந்தை மருத்துவரைப் பார்க்கவும் அனுப்பினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால் நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். காத்திருக்காதீர்கள். காது நன்றாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் செல்லை நிறுத்தச் சொன்னேன். முதல் வாரம் ஒரே அழுகை, பாதிச் சோறு கீழே.

நாலு மாசம் கழித்துப் பாட்டி வந்தார். பையன் என் மேஜை மேல் இருந்த கல்வத்தைக் காட்டி, "தாத்தா, இது இன்னா?" என்றான். எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கேள்வி கேட்க, எதிரே ஒரு ஆள் கிடைத்திருந்தது.

இன்று ராத்திரி சோறு ஊட்டும்போது, உங்கள் பிள்ளைக்கு எதிரே யார் உட்காரப் போகிறீர்கள்?