பாகம் வரையத் தெரிந்தால் போதுமா?

பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஆனேக்கல் வட்டத்தில் குடியேறிய நாம், பிள்ளைகளை ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வகுப்புகளில் சேர்ப்பது நியாயமே. ஆனால் கட்டணம் கட்டும் பெற்றோர் எவரும், "அசெம்ப்ளியும் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜிகணியில் ஒரு சிறிய டூல் ரூமில் டிசைனராக இருந்தபோது நடந்தது இது. ஒரு டிரில்லிங் ஃபிக்ஸ்சர். அடித்தட்டின் துளைகளுக்கு நான் தனியே அளவு கொடுக்கவில்லை. அசெம்ப்ளிக்குள் இருந்தபடியே, மேலே அமரும் பிராக்கெட்டின் துளைகளோடு பிணைத்துவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை.

சில மாதம் கழித்து, தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் வேறொரு ஆர்டருக்காக அதே பிராக்கெட்டை எடுத்துத் துளையை 6 மி.மீ. தள்ளி, அதே பெயரிலேயே சேமித்தான். பின்னர் பழைய வாடிக்கையாளர் அடித்தட்டு மட்டும் இன்னொன்று கேட்டார். அசெம்ப்ளியைத் திறந்ததும் அடித்தட்டின் துளைகளும் சத்தமில்லாமல் 6 மி.மீ. நகர்ந்துவிட்டன. அப்படியே டிராயிங் போயிற்று, தட்டும் தயாராயிற்று. வாடிக்கையாளரின் பிராக்கெட் அதில் உட்காரவில்லை.

"நான் ஒரே ஒரு பாகத்தைத்தான் சார் மாத்தினேன்" என்றான் பையன். அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். பிணைத்தது நான் என்று நான் வாய் திறக்கவில்லை.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 500 கி.மீ.க்கும் மேற்பட்ட மின்கம்பிகள். ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேராமல், பொருத்தும்போது கம்பிகளின் நீளம் பற்றவில்லை. 2006-இல் தாமதத்துக்கு மேல் தாமதம் அறிவித்து, முதல் விமானத்தை 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கொடுத்தார்கள்.

இப்படிப் பிணைப்பதே தவறு என்பார் உண்டு. நான் ஒப்பமாட்டேன். டிசைன் உருவாகும் கட்டத்தில் அது பாதி வேலையை மிச்சமாக்கும். டிராயிங் பட்டறைக்குப் போகும் நாளில் அந்தப் பிணைப்பைப் பூட்ட வேண்டும், அவ்வளவே. பொருத்தம் மாறுகிற திருத்தம் என்றால் பாகத்துக்குப் புது எண். தொடுமுன் இது எந்தெந்த அசெம்ப்ளியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க மென்பொருளிலேயே வசதி உண்டு. கோப்பின் பெயரை வெளியே ஃபோல்டரில் போய் மாற்றினால் அசெம்ப்ளி தன் பாகத்தைக் காணாமல் தேடும். பெயர் மாற்றுவதையும் மென்பொருளுக்குள்ளிருந்தே செய்ய வேண்டும். வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது 'பேக் அண்ட் கோ' மூலம் பாகம், அசெம்ப்ளி, டிராயிங் மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். (பெரும்பாலோர் அசெம்ப்ளி கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, "திறக்கவில்லை" என்பார்கள்!)

இவற்றைக் கற்றுத்தர ஒரு வாரம் போதும். வகுப்புகளிலோ கட்டளைகளை வரிசையாக ஒப்பித்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். பட்டறையில் தட்டு வீணானால் பழி, கடைசியாகக் கோப்பைத் தொட்ட பிள்ளை மேல் விழுகிறது.

அந்தப் பையன் ஓசூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த ஃபிக்ஸ்சரைப் போலவே ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை பிள்ளைகளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பிராக்கெட்டை அவர்களே 6 மி.மீ. நகர்த்திப் பார்க்கட்டும்.