இ20 பெட்ரோல்: வண்டிக்கு நல்லதா, கெட்டதா? மக்காச்சோளம் விளையும் பெரம்பலூர், அரியலூருக்கு என்ன கிடைக்கும்?

"முன்ன மாதிரி மைலேஜ் கொடுக்க மாட்டேங்குது. பெட்ரோல்ல என்னமோ கலக்கிறாங்களாம்."

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மட்டுமல்ல, எந்த ஊர் மெக்கானிக் கடையில் நின்றாலும் இப்போது காதில் விழும் பேச்சு இது. கலப்பது உண்மைதான். இன்று நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ஏறத்தாழ 200 மில்லி எத்தனால் இருக்கிறது. இதைத்தான் இ20 என்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இதில் இன்னொரு பங்கும் உண்டு. அந்த எத்தனாலுக்கு இன்று முக்கிய மூலப்பொருள் மக்காச்சோளம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் முன்வரிசையில் இருக்கின்றன. பங்க்கில் பைக்கை நிறுத்தி பெட்ரோல் போடுபவரும், காட்டில் சோளம் விதைத்தவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான்.

அப்படியென்றால் அவருக்கு இ20 லாபமா, நஷ்டமா?

எத்தனால் எப்படி இவ்வளவு வேகமாக வந்தது?

2014இல் இந்தியாவில் பெட்ரோலுடன் கலந்த எத்தனாலின் அளவு சராசரியாக 1.5 சதவீதம்தான். 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதத்தை 2030இல் எட்டுவது என்பது பழைய இலக்கு. அதை முன்கூட்டியே கொண்டுவந்து, 2025இலேயே எட்டிவிட்டது மத்திய அரசு.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளில் இருந்து வாங்குகிறது. உள்ளூரில் விளைவதை எரிபொருளாக்கினால் அந்தப் பணம் மிச்சமாகும் என்பதுதான் அரசின் வாதம். 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் அந்நியச் செலாவணி மிச்சமானதாகப் பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது.

மைலேஜ் உண்மையிலேயே குறையுமா?

குறையும். அதை அரசும் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், கணக்குப்படி மொத்த ஆற்றலில் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது.

2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10க்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் 6-7 சதவீதமும், அதே வகை இருசக்கர வாகனங்களில் 3-4 சதவீதமும் மைலேஜ் குறையும். இ10க்கு வடிவமைத்து இ20க்கு டியூன் செய்த கார்களில் இழப்பு 1-2 சதவீதம்தான்.

இதை ரூபாயில் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்த பைக், மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது. 4 சதவீதம் குறைந்தால் கூடுதல் செலவு மாதம் சுமார் 125 ரூபாய்.

• லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த பழைய கார், மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறது. 6 சதவீதம் குறைந்தால் மாதம் சுமார் 430 ரூபாய். வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டும்.

• அதே கார் புதிய மாடலாக இருந்து 2 சதவீதம் மட்டும் குறைந்தால் மாதம் சுமார் 140 ரூபாய்.

"பாதி மைலேஜ் போச்சு" என்றால், அதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க முடியாது. டயரில் காற்று, ஏர் ஃபில்டர், கிளட்ச் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வண்டி கெட்டுப்போகுமா?

இதற்கு வண்டியின் வயதுதான் பதில்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் வண்டிகளின் பாகங்கள் இ20யைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை. அவற்றின் உரிமையாளர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டியது ரப்பர் பாகங்களை. பெட்ரோல் டியூப், வாஷர், ஓ-ரிங் போன்றவை எத்தனாலில் நாளடைவில் உப்பலாம், விரிசல் விடலாம். கார்பரேட்டர் வைத்த பழைய பைக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. புதிய வண்டியில் எரிபொருளின் தன்மைக்கு ஏற்ப அளவைக் கம்ப்யூட்டர் ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடி வழியாகவோ, பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலோ தண்ணீர் இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியில் இருந்துதான் எரிபொருள் இன்ஜினுக்குப் போகிறது. வண்டி திணறி நிற்பது இதனால்தான். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் கார், பைக் வருடக்கணக்கில் வீட்டில் நிற்கும் இந்தப் பகுதியில் இது முக்கியம்.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், அதுவும் வழக்கமான சர்வீஸில் முடியும் சின்ன வேலைதான் என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். இ20 போடுவதால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகாது என்றும் விளக்கம் தந்திருக்கிறது.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளுக்கும், டிராக்டர்களுக்கும் இந்தப் பிரச்சினையே இல்லை. அவை டீசலில் ஓடுபவை. இ20 என்பது பெட்ரோலுக்கு மட்டும்.

நன்மையே இல்லையா?

இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். சாதாரண பெட்ரோலின் 91 ஆக்டேன், இ20யில் 95 ஆகிறது. அதற்கேற்ப வடிவமைத்த இன்ஜின்களில் இழுவை நன்றாக இருக்கும், இன்ஜின் தட்டுவது குறையும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருசக்கர வாகனங்களில் 50 சதவீதம் வரையும், கார்களில் 30 சதவீதம் வரையும் குறைவதாக நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளில் அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை.

எத்தனால் கலந்தும் விலை ஏன் குறையவில்லை?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. திட்டம் தீட்டியபோது எத்தனால் பெட்ரோலைவிட மலிவாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. 2025 ஜூலை நிலவரப்படி எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலை வாங்கும் சராசரி விலை, போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து லிட்டர் 71 ரூபாய் 32 காசு. வரிக்கு முந்தைய பெட்ரோல் விலையைவிட இது அதிகம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆற்றல் குறைந்த எரிபொருளை வாங்கும் மக்களுக்கு ஈடாக வரிச்சலுகை தரலாம் என்று நிதி ஆயோக் அறிக்கை யோசனை சொல்லியிருந்தது. பங்க் விலையில் அப்படி ஒரு சலுகை இன்னும் வரவில்லை.

சரி, மக்காச்சோள விவசாயிக்கு என்ன கிடைக்கிறது?

குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை வட்டாரங்களின் கரிசல் காடுகளில் மானாவாரி மக்காச்சோளம்தான் பல குடும்பங்களுக்கு வருட வருமானம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி, தை, மாசியில் அறுப்பார்கள். 2018இல் படைப்புழு வந்து இந்தப் பயிரை நாசம் செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கு விளையும் சோளத்துக்கு ரொம்ப காலமாகவே பெரிய வாடிக்கையாளர், நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளுக்குப் போகும் தீவனம். இப்போது எத்தனால் ஆலைகள் இரண்டாவது வாடிக்கையாளராக வந்திருக்கின்றன. மழை பொய்த்ததால் 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பிறகு மக்காச்சோளம் நாட்டின் முதல் எத்தனால் மூலப்பொருளானது. சந்தையில் விலை ஏறியது. கோழிப்பண்ணையாளர்கள் தீவன விலை தாங்கவில்லை என்றார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் வாங்க வேண்டிவந்தது.

அப்போது விவசாயிக்கு அது நல்ல செய்தி. ஆனால் விலை அப்படியே நிற்கவில்லை. நாடு முழுக்க மக்காச்சோளப் பரப்பு கூடியது. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். 2025 நவம்பரில் கர்நாடகாவில் சந்தை விலை அதைவிட வெகுவாகக் கீழே போய், விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகச் சோளம் மலிவாக இருந்தால், நாமக்கல் தீவன ஆலைக்காரர் பெரம்பலூர் சோளத்துக்கு ஏன் கூடுதல் விலை தரப்போகிறார்?

மக்காச்சோளத்தில் இருந்து எடுக்கும் எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. ஒரு குவிண்டால் சோளத்தில் சுமார் 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அதாவது சுமார் 2,730 ரூபாய். ஆலையின் இயக்கச் செலவு இதில்தான் போக வேண்டும். மிஞ்சும் சக்கையைத் தீவனமாக விற்கும் வருமானம் தனி.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆலைக்குக் கிடைக்கும் விலை அரசு ஆணையில் எழுதப்பட்டிருக்கிறது. விவசாயிக்கு ஆதரவு விலை அறிவிப்பு இருக்கிறது. ஆனால் நெல்லுக்கு இருப்பது போல, களத்துமேட்டுக்குப் பக்கத்திலேயே அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் கொள்முதல் நிலைய ஏற்பாடு மக்காச்சோளத்துக்கு இல்லை. அவர் வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் விற்கிறார்.

வேறு பெட்ரோல் கேட்டு வாங்க முடியாதா?

பெரும்பாலான பங்க்குகளில் முடியாது. எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் சில நகரங்களில் கிடைத்தாலும், விலை மிக அதிகம். பழைய வண்டிகளுக்காக எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். உண்மைதான், அங்கே 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதம் கலக்கிறார்கள். ஆனால் பிரேசில் இதை 1975இல் தொடங்கியது. எந்த விகிதத்திலும் ஓடும் ஃப்ளெக்ஸ் வண்டிகள் 2003இல் வந்தன. பங்க்கில் கலப்பு பெட்ரோலா, முழு எத்தனாலா என்று விலையைப் பார்த்து ஓட்டுநரே முடிவு செய்கிறார். நாம் 10இல் இருந்து 20க்கு வர எடுத்துக்கொண்டது சுமார் மூன்று ஆண்டுகள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது

• டேங்க் மூடியின் உட்புறம் அல்லது வண்டிக் கையேட்டில் இ10, இ20 குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

• பழைய வண்டி என்றால், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் டியூப், வாஷர், ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம்.

• மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பழைய எரிபொருள் டேங்கில் தேங்கிக் கிடக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் சரியாக இருக்கட்டும்.

• மைலேஜை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். சந்தேகம் தீர இதுவே வழி.

இ20யால் பழைய வண்டியும் உடனே வீணாகிவிடாது. மாதம் நூறிலிருந்து சில நூறு ரூபாய் வரை கூடுதல் செலவு, பழைய வண்டிக்குக் கொஞ்சம் பராமரிப்பு, அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும் விலை. அந்தச் செலவை வண்டி வைத்திருப்பவர் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கிவிட்டார். "விவசாயிக்காகத்தான்" என்று சொல்லி வாங்கும் அந்தப் பணம், தை மாதத்தில் சோளத்தைக் களத்தில் கொட்டி வைத்துக் காத்திருக்கும் குன்னத்து விவசாயிக்கு 2,400 ரூபாயாக வந்து சேருகிறதா? இ20 நல்ல திட்டமா என்பதற்கு இந்த இரண்டு மாவட்டங்களில் பதில் சொல்லப்போவது அந்த விலைதான்.