பாட்டும் அடுப்பும்

நாட்டார் கலைகளைப் படம்பிடிக்கப் புகுவோர் பலரும், கலைஞனை அவன் வீட்டு முற்றத்தினின்று பெயர்த்தெடுத்து, விளக்கொளியில் நிறுத்தி, பின்னணியில் ஒரு பண்டிதக் குரல் வியாக்கியானம் பண்ண, அவனைக் காட்சிசாலைப் பொருளாக்கிவிடும் இந்நாளில், அமெரிக்க ஆவணப்பட இயக்குநரான லெஸ் பிளாங்க் (1935–2013) கைக்கொண்ட மார்க்கம் நம் சிரத்தைக்குரியது. டெக்ஸாஸின் கறுப்பினப் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸையும், லூயிசியானாவில் வாழும் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களையும் நாடிச் சென்ற அவர், பாட்டுக்குத் தந்த மரியாதையை அடுப்புக்கும் தந்தார். மெக்ஸிகோ எல்லையோரத்து இசையைக் காட்டும் ‘சுலாஸ் ஃப்ரான்டெராஸ்’ (1976) படத்தில், கீர்த்தி பெற்ற பாடகி லிடியா மெண்டோசா, குடும்பத்தாருடன் அமர்ந்து, சோள மடலில் மாவைத் தடவிப் பூரணம் வைத்துப் பொதிந்து டமாலே செய்கிறார். அவருடைய கானம் எந்த வாழ்விலிருந்து ஊறியது என்பதை எந்த வியாக்கியானமும் இதைவிடத் தெளிவாக உரைத்துவிடாது. நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களைப் பற்றிய படம் ஓடுகையிலோ, அரங்கிலேயே ராஜ்மாவை வேகவைத்து, வாசனையையும் காட்சியோடு பரிமாறுவாராம்! (பசியோடு வந்த ரசிகர் பாடு திண்டாட்டந்தான்.)

இவர் படங்களில் உல்லாசமே மிகுதி, வறுமை மறைந்துபோகிறது என்று ஆக்ஷேபிப்பாரும் உளர். ஆயினும், அதே எல்லைப்புறப் படத்தில் வயற்கூலிகளின் உழைப்பும், ஊர் ஊராய்ப் பிழைப்புத் தேடி அலையும் அவர்களது துயரமும் பாட்டினூடே வருவதை இங்ஙனம் ஆக்ஷேபிப்போர் கவனித்ததாகத் தெரியவில்லை.