பெனால்டிக்குப் பிறகு...

நம்ம முதலாண்டுப் பசங்களுக்கு என்ன வயசு? பதினாறு, பதினேழு. 2022-ல் அல்ஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் அரபுக் கோப்பையில் ஆடியவர்களும் அந்த வயசுப் பையன்கள்தான். இறுதி ஆட்டத்தில் அல்ஜீரியாவும் மொராக்கோவும் 1-1. பெனால்டியில் அல்ஜீரியா ஜெயித்தது. கைகுலுக்க வேண்டிய நேரத்தில் கைகலப்பு! ரசிகர்களும் மைதானத்தில் இறங்க, மொராக்கோப் பையன்கள் அடிபட்டார்கள். ஜெயிச்சவன் ஏன் சார் அடிக்கணும்?

காரணம் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. 2021-ல்தான் அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்தது. அதன் விமானங்களுக்கு வான்வழியையும் மூடியது. சண்டை பெரியவங்களோடது, அடி பிள்ளைகளுக்கு.

"இப்படிப்பட்ட போட்டியே வேண்டாம்" என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023 ஜனவரியில், நேரடி விமானத்துக்கு அனுமதி இல்லை என்று, உள்ளூர் வீரர்களுக்கான ஆப்பிரிக்கப் போட்டிக்கு மொராக்கோ அணி அல்ஜீரியா போகவே இல்லை. ஆனால் அதே ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அவர்களுடைய 17 வயதுக்குட்பட்ட அணி போனது. காலிறுதியில் அல்ஜீரியாவையே 3-0 என்று ஜெயித்தது. ஸ்கோரை விடுங்கள், போனார்களே! அடுத்த முறை காவலை இரட்டிப்பாக்கட்டும், ரசிகர்களை வேலிக்கு அந்தப்பக்கம் நிறுத்தட்டும். பசங்களை ஆட விடுங்கப்பா!